யார் போட்ட உப்பு

உப்பு போடாத சோற்றை ஒரு மீன்காரன் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறான் என்றால் அதை நம்பலாமா? எலிசபெத் நம்பவில்லை. சட்டென்று எதையும் நம்புகிற ரகமும் இல்லை அவள். இருபத்தைந்து வருஷமாக மீன் விற்கிறவள், தராசு முள்ளையும் தராசைப் பிடித்திருப்பவன் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழகியவள். அவள் எதிரிலேயே உட்கார்ந்து அவள் புருஷன் சாம்சன் உப்பில்லாத சோற்றில் உப்பில்லாத ரசத்தை ஊற்றிப் பிசைந்து, நல்லாத்தான் கீது என்று சொல்லிச் சாப்பிட்டான். கருவாடு இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனுஷன். திடீரென்று ஞானம் வந்துவிட்டதா என்ன? வெளியே எங்கேயோ நாக்குக்கு வேண்டியது கிடைக்கிறது, அதனால்தான் வீட்டில் இந்தச் சாது வேஷம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

விளையாட்டாக விட்டுவிடுகிற விஷயமில்லை இது. கார்த்திகை மாதம் ஏரியில் இறால் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது சாம்சன் மூச்சு முட்டிப் படகிலேயே சாய்ந்துவிட்டான். படகில் பாதிப் பங்குள்ள கூட்டாளி ஜான்சன்தான் கரைக்குக் கொண்டுவந்து, ஆட்டோ பிடித்து, அங்கே இங்கே அலைந்து சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஹார்ட் பெயிலியர் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எலிசபெத் வராந்தாவிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இதயம் நின்றுபோகவில்லையம்மா, ரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்திருக்கிறது, பம்பிங் கம்மி என்று டாக்டரம்மா அவளை உட்காரவைத்துப் புரியவைத்தார். பலம் குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும், உப்பு சேர்ந்தால் இன்னும் தேங்கும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். எடை மளமளவென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் நல்லபடியாக இருக்கலாம், மனுஷனைத் தனியாக மட்டும் விடாதீர்கள், நாலு பேரோடு இருக்கட்டும் என்றும் சொன்னார். எலிசபெத்தின் காதில் உப்பு மட்டும்தான் ஏறியது.

சாம்சனுக்கு ஆஸ்பத்திரியிலும் கிண்டல் போகவில்லை. நம்ம தெரு பம்புகூட அப்படித்தான் டாக்டர், நாலு தரம் அடிச்சாத்தான் ஒரு தரம் ஊத்தும், அதுக்காக யாரும் அதைப் பிடுங்கிப் போட்டுட்டாங்களா என்றான். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எலிசபெத் சிரிக்கவில்லை.

அதன்பிறகு மூன்று மாதம் அவன் மீஞ்சூரில் எலிசபெத்தின் தங்கை சோபியா வீட்டில் இருந்தான். ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரச் சுலபம். எலிசபெத் வியாபாரத்தை விடமுடியாமல் ஊருக்கும் மீஞ்சூருக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் போகிற அன்று தங்கை அவளுக்கென்று மீன் குழம்பு வைத்துப் போடுவாள், அவனுக்குத் தனியாகப் பத்தியம். சோபியா எடை பார்க்கிற மிஷின் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். கால் வீக்கம் வடிந்து, எடை இறங்கி, சாம்சன் மாடிப்படி ஏறுகிற அளவுக்குத் தேறினான். பங்குனியில் ஊருக்கு அழைத்துவந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே எடை மறுபடி ஏற ஆரம்பித்தது.

ஊர்க்காரர்களுக்கு அது சந்தோஷம். பரவால்லயே, உடம்பு வச்சிருக்குது, கன்னம் உப்பிப்போச்சு என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எலிசபெத்துக்குத் தெரியும். அது சதையில்லை, நீர். காலையில் அவன் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்து, திரும்பி எழும்ப நேரம் பிடிக்கும். மாத்திரையை அவளே எடுத்து வாயில் போட்டு, விழுங்கும்வரை நின்று பார்க்கிறாள். தண்ணீரை அவளே அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றிவைக்கிறாள். அவன் சோற்றில், குழம்பில், எதிலும் ஒரு கல் உப்புகூடக் கிடையாது. வீட்டிலிருந்த கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். தனக்கு மட்டும் தட்டில் துளி உப்பைத் தூவிக்கொள்வாள். இவ்வளவுக்கும் பிறகு மீஞ்சூரில் இறங்கிய எடை இங்கே ஏறுகிறது என்றால், இந்த ஊரில் யாரோ ஒருத்தர் அவனுக்குப் போடுகிறார்கள். வேறு என்ன கணக்கு இதற்கு?

முதலில் டீக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டாள். போய் நேராகவே கேட்டாள். பால் டீயோடு சரி, அதுவும் அரை கிளாஸ், பஜ்ஜி பக்கம் கையே நீட்டவில்லை என்று அவர் மாதாமேல் சத்தியம் செய்தார். சத்தியம் செய்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவள் கட்சி. இரண்டு நாள் டீக்கடை எதிரில் மீன் கூடையோடு உட்கார்ந்து கண்காணித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு சாம்சன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். கருவாட்டு வாடை அடித்தது.

கருவாட்டு வாடை என்றால் மார்கரெட். ஜான்சனின் மனைவி, எதிர்வீடு. வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டுக் கருவாடு காயவைத்து விற்கிறாள். மத்தியானமானால் வேலையில்லாத ஆம்பளைகள் நாலைந்து பேர் அந்தக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார்கள், ஊர்க் கதை பேசுவார்கள். சாம்சனும் அங்கேதான் போகிறான். எலிசபெத்துக்கு இதெல்லாம் முன்பே தெரியும். ஆனால் தெரிந்த விஷயமே ஒருநாள் வேறு மாதிரி தெரியும் அல்லவா, அப்படித் தெரிந்தது. நாம் கருவாட்டைத் தூக்கிக் கொடுத்ததே இவளுக்குத்தானே, அதையே இவள் அவனுக்குச் சுட்டுக் கொடுக்கிறாளோ?

மறுநாள் வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்து ஓலை இடுக்கில் கண்ணை வைத்தாள். சாம்சன் ஒரு பெட்டிமேல் காலைத் தூக்கிப் போட்டுச் சாய்ந்திருந்தான். மார்கரெட் உள்ளேயிருந்து வந்து அவன் கையில் என்னவோ வைத்தாள். சின்னத் துண்டு. அவன் அதை நாக்கில் வைத்து, கண்ணை இடுக்கி, உடம்பைச் சிலிர்த்து, அப்படியே சொக்கிப்போனான். ஊறுகாய்! எலுமிச்சை ஊறுகாய்! எலிசபெத் இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கே ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும் என்று வைராக்கியம்.

நாலு பேர் கூடுகிற இடம் அந்த ஊரில் தண்ணி லாரிதான். கடல் கலக்கிற ஏரியின் கரையில் இருக்கிற ஊர், எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணி. குடிப்பதற்கு நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம் லாரியில் வரும், வீட்டுக்கு மூன்று குடம். குளிக்க, துவைக்க, சமைக்க, மற்ற எல்லாவற்றுக்கும் தெருமுனைக் கைப்பம்பு. லாரி வந்து நின்றதும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மார்கரெட் பின்னால் வந்து நின்றாள். எலிசபெத் திரும்பினாள்.

"எம்புருஷன சாவடிச்சுட்டு உனக்கு இன்னாடி கெடைக்கப் போவுது?" என்றாள்.

மார்கரெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னாக்கா சொல்றே என்று இரண்டு தரம் கேட்டாள். எலிசபெத் நிறுத்தவில்லை. கருவாடு, ஊறுகாய், உப்பு, எடை, கால் வீக்கம் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. சாம்சன் போய்விட்டால் படகு மொத்தமும் ஜான்சனுக்கு வந்துவிடும் என்று பார்க்கிறீர்களா என்றும் கேட்டுவிட்டாள். லாரிக்காரன்கூடக் குழாயைத் திருகி மூடிவிட்டு வேடிக்கை பார்த்தான். மார்கரெட் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்குப் போனாள். குற்றம் இல்லாதவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எலிசபெத் வரிசையில் நின்றவர்களைக் கேட்டாள்.

அன்றிலிருந்து சாம்சன் பக்கம் யாரும் வரவில்லை. யார் வருவார்கள்? ஒரு வாய் டீ கொடுத்தால் நாளைக்கு லாரி முன்னால் மானம் போகும். டீக்கடைக்காரர் அவனைக் கண்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவார். ஜான்சன் அவனுக்குரிய பங்கு மீனை மட்டும் தினமும் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவான். சாம்சன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் போயிற்று. ஆனால் எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது யார் கொடுக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அவனே திருடித் தின்கிறானோ என்று தலையணைக்குக் கீழே, பரண்மேல், துணி மூட்டைக்குள் எல்லாம் தேடினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தேடு, நல்லாத் தேடு," என்றான். "மார்கரெட் எனக்குக் குடுத்தது எலுமிச்சம்பழத் துண்டு. வெறும் பழம். நாக்கு வறண்டுபோவுது, நீ அளந்து வச்ச தண்ணி பத்தல. நக்கிக்கோ அண்ணா, தாகம் அடங்கும்னு குடுத்துச்சு. அங்க போனா நான் கொஞ்சம் பயமில்லாம இருந்தேன் எலிசபெத். படுத்தா மூச்சு நின்னுடுமோன்னு பயம். உங்கிட்ட சொன்னா நீ இன்னும் பயந்துக்குவே. அங்க நாலு பேரு கத பேசிகினு இருந்தாங்க, நான் கேட்டுகினு இருந்தேன். அதையும் கெடுத்துட்டே."

அவள் நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மீதிப் பாதி, கட்டிய புருஷனும் மாட்டிக்கொண்டால் பொய்தான் சொல்வான் என்று உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், என்ன செய்ய?

சித்திரை பிறந்தது. ஏரி உள்வாங்கி, கரையோரம் சேறு வெடித்தது. ஒருநாள் முன்மதியம் அவள் கூடையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது சாம்சன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். உதடு நீலம். பேச்சு வரவில்லை. அவள் தெருவுக்கு ஓடிவந்து கத்தினாள். கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசல்படியிலேயே நின்றார்கள். ஒருத்தரும் இறங்கி வரவில்லை. தொட்டால் நாம் கொன்றோம் என்பாளோ என்ற பயம் அவர்கள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. தான் செய்த காரியம் என்னவென்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

எதிர்வீட்டுக் கொட்டகையிலிருந்து மார்கரெட் வந்தாள். எலிசபெத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், படுக்கப் பார்த்த சாம்சனை எழுப்பி உட்காரவைத்து, காலைக் கீழே தொங்கப்போட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் தானே முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். "மூச்ச மெதுவா வுடு அண்ணா, எங்க ஊட்டுக்காரரு ஆட்டோ இட்டாரப் போயிருக்காரு," என்றாள். ஆட்டோ வந்தது. பொன்னேரி போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னை போகும்வரை ஜான்சன் கூடவே இருந்தான். வார்டு வாசலில் எலிசபெத் அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் நான் வரேன் அண்ணி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். சாம்சன் பிழைத்தான். டாக்டரம்மா எலிசபெத்தைப் பார்த்து, உப்பு எங்கேயோ போகிறது, யோசித்துப் பாருங்கள், இன்னொரு தரம் இப்படி வந்தால் நான் உறுதி சொல்ல முடியாது என்றார். நான் போடவே இல்லை டாக்டர் என்று அவள் அழுதாள். அவர் அவளை நம்பவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. செய்யாத குற்றத்துக்கு மற்றவர் சந்தேகப்பட்டால் எப்படி எரியும் என்று எலிசபெத் அன்றைக்கு அனுபவித்தாள்.

மறுபடியும் மீஞ்சூர், சோபியா வீடு. மறுபடியும் எடை இறங்கியது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சாம்சன் பாதி சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று தட்டைத் தள்ளினான். வீணாகப் போகிறதே என்று எலிசபெத் அதை எடுத்து ஒரு வாய் வைத்தாள். சப்பென்று இருந்தது. பருப்பு சப்பென்றிருப்பது சரி. வெறும் சோற்றை எடுத்து மென்றாள். அதுவும் சப்பென்று, காகிதத்தை மெல்கிற மாதிரி இருந்தது.

"இன்னாடி, சோத்துல உப்பு போட மறந்துட்டியா?" என்று தங்கையைக் கேட்டாள்.

சோபியா சிரித்தாள். "சோத்துக்கு எவக்கா உப்பு போடுவா? நீ போடுவியா?"

எலிசபெத் இல்லையென்று தலையாட்டினாள். அவளும் ஒருநாளும் சோற்றுக்கு உப்பு போட்டதில்லை. அந்த ஊரில் யாருமே போட்டதில்லை.

"உங்க ஊட்டுச் சோறு எனக்கு எப்பவும் உப்பு கரிக்கும்," என்றாள் சோபியா. "அந்தத் தண்ணி அப்படி. கல்யாணமான புதுசுல நீதான் நம்ம அம்மா ஊட்டுக்கு, ஆரம்பாக்கத்துக்கு வந்து நைனாகிட்ட அழுதே, கடல்தண்ணியில சோறு பொங்குறாங்க நைனா, வாயில வைக்க முடியலன்னு. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் நாக்கு பழகிப்போயிற்று. எலிசபெத் தட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சோறு வடிக்கப் பம்புத் தண்ணி, ரசத்துக்குப் பம்புத் தண்ணி, காலையில் அவனுக்குக் கரைத்துக் கொடுக்கிற பழையசோறு ராத்திரி முழுக்க ஊறுவதும் பம்புத் தண்ணியில். கோடை வந்து ஏரி வற்ற வற்ற அந்தத் தண்ணி இன்னும் கரித்திருக்கும். அதனால்தான் அவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். நல்லாத்தான் கீது என்று அவன் சொன்னது நிஜம். உப்புத் தண்ணி உப்புத் தண்ணி என்று தினம் நூறு தடவை சொல்லிக்கொண்டே, அதில் உப்பு இருக்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லையே! ஊரெல்லாம் திருடனைத் தேடினாளே, மூன்று வேளையும் தன் கையாலேயே போட்டிருக்கிறாள். அவள் அழுத அழுகையில் சாம்சன் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நீ வேணும்னா போட்டே, விடு என்றான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் வலித்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர், இனிமேல் சமையலும் நல்ல தண்ணியில்தான் என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். மூன்று குடத்தில் இரண்டு பேர் நாலு நாளும் குடித்தது போக, இரண்டு வேளைச் சமையல் எங்கே ஆகும்? இன்னும் ஒரு குடம் வேண்டும். தங்கை வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றால் அதற்குச் சாம்சன் சம்மதிக்கவில்லை. எனக்கு ஏரிக்கரையில் நாலு முகத்தைப் பார்க்கணும், பார்க்கிறவங்க பார்க்கட்டும் பார்க்காதவங்க போகட்டும் என்றான்.

ஊருக்குத் திரும்பிய அன்றைக்கு லாரி வந்தது. எலிசபெத் வரிசையில் நின்றவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். ஊறுகாய் இல்லை எலுமிச்சம்பழம் என்றாள், யாரும் போடவில்லை நானே போட்டேன் என்றாள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒரு குடம் தண்ணி தருகிறேன் என்று யாரும் முன்வரவில்லை. அவள் தண்ணீரை வாங்கி, நாளைக்கு அதில் ஏதாவது கண்டுபிடித்தால்? அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மார்கரெட் அந்த வரிசையில் இல்லை. கடைசியில் வந்து தன் பங்கைப் பிடித்துக்கொண்டு போனாள். எலிசபெத் காலிக் குடத்தோடு அவள் பின்னாலேயே போய், கொட்டகை வாசலில் நின்று, மன்னிச்சிடு மார்கரெட் என்றாள். சொல்ல நினைத்து வந்தது எவ்வளவோ, வாயில் வந்தது அவ்வளவுதான். மார்கரெட் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். முழுத் தட்டியையும் திருப்பி முடித்தபிறகு எழுந்து உள்ளே போய், நிறைகுடம் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். ஒரு டம்ளரை எடுத்து, அந்தக் குடத்திலிருந்தே மொண்டு, தெருவில் நிற்கிற எல்லாரும் பார்க்கும்படி அண்ணாந்து கடகடவென்று குடித்தாள்.

"பாத்துக்கோக்கா," என்றாள். "நான் குடிச்ச தண்ணியத்தான் அண்ணனுக்குத் தரேன். நாளைக்குக் கால் வீங்கினா எங்கிட்ட வராதே."

எலிசபெத் அந்தக் குடத்துத் தண்ணீரைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டு வந்து உலை வைத்தாள்.

சாம்சனின் எடை இறங்கிவிட்டது. உப்பு போடாத சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தால் இப்போது முகம் கோணுகிறது, வைகிறான், ஒரு கருவாட்டுக்காகக் கெஞ்சுகிறான். மத்தியானம் கொட்டகைக்குப் போகிறான். மார்கரெட்டே அவனுக்குப் பெட்டி எடுத்துப் போட்டு எலுமிச்சம்பழமும் நறுக்கி வைக்கிறாள். அவன் கேட்கிற கதைகளுக்கும் குறைவில்லை. எலிசபெத்துக்கும் ஒருநாள்கூடக் குடம் தவறியதில்லை. ஆனால் லாரி வருகிற ஒவ்வொரு காலையும் மார்கரெட் டம்ளரை எடுக்கிறாள், மொண்டு அவள் எதிரில் குடிக்கிறாள், அதற்குப் பிறகுதான் குடத்தைத் தள்ளிவைக்கிறாள். போதும் மார்கரெட், நான் உன்னை நம்புகிறேன் என்று சொல்ல எலிசபெத்துக்கு நாக்குவரை வரும். சொல்ல மாட்டாள். அந்த டம்ளர் காலியாகும்வரை தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.